பொத்தி வைத்த பேச்சு

அலெக்ஸாந்திரியாவில், பேச்சுப் பயிற்சி மையத்து மாடிப்படியில் அபீரும் நிவீனும் மூன்று வருடமாகச் செவ்வாய்தோறும் சேர்ந்தே காத்திருந்தார்கள். இருவருடைய பையன்களுக்கும் ஆட்டிசம். ஒரே வயது, ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள், சேரும்போது இருவருக்குமே பேச்சு கிடையாது. தன் ஸைஃப் எப்போது பேசுவான் என்று அபீர் கேட்டால், "ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி" என்பார் டாக்டர். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. நிவீனின் மாஸினும் இன்னும் பேசவில்லையே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். அசிங்கமான தைரியம்தான். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினாள்.

அன்றும் படியில் உட்கார்ந்து, நிவீன் கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். மாஸின் அவளுடைய கைப்பையின் ஜிப்பை இழுத்தபடி சொன்னான்: "அபீர் ஆன்ட்டி, தண்ணி வேணும்."

நிவீன் பாய்ந்து மகனின் வாயைப் பொத்தினாள்.

அபீர் ரொட்டியைக் கீழே வைத்தாள். தண்ணீர் மட்டுமா கேட்டான், பேரைச் சொல்லியல்லவா கேட்டான்!

"எத்தனை நாளா பேசறான்?"

"இப்பதான்... ஒண்ணு ரெண்டு வார்த்தை..."

"பொய் சொல்லாதடி."

"எட்டு மாசமா." நிவீன் அழுதுவிட்டாள். "இங்க வந்தா பேசக்கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வர்றேன். உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது, ஸைஃப் அம்மா? அதோட... கண்ணு பட்டுடும்னு பயம்."

"என் கண்ணா?"

நிவீன் மகனின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.

"கையை எடு முதல்ல! வாயத் திறக்க மாட்டானான்னு வருஷக்கணக்கா என் தோள்ல சாஞ்சு அழுதவ நீ. திறந்த வாயைப் போய்ப் பொத்தறியே!"

நிவீன் கையை எடுத்தாள். அபீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். மாஸின் மடமடவென்று குடித்தான். கண் படாமலிருக்க 'மாஷா அல்லாஹ்' என்று அவனை வாழ்த்த வேண்டும். அபீர் வாயைத் திறந்தாள், வரவில்லை. சுவரோரம் ஸைஃப் விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ பயந்தது சரிதான்டி," என்றாள். "எனக்கு வயிறு எரியுது."

எழுந்து ஸைஃபின் கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். அவனுக்கு வேறு நாள் மாற்றித் தரச் சொன்னாள்.

"ஏன்மா, மாஸின் அம்மாவோட சண்டையா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"சண்டை எல்லாம் இல்ல," என்றாள் அபீர். "நான் இருந்தா அந்தப் பிள்ளை பேச முடியாது."