டைட்டஸ் முந்திரிக்கொத்து, 1931 முதல்

டைட்டஸைக் கணினியில் வரைந்தது ஜனவரி மாதம். அக்டோபருக்குள் அருமனைப் பக்கத்துச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பாசி பிடித்த கல்லறை ஒன்று வந்திருந்தது. பிறப்பு 1902, இறப்பு 1974 என்று கல்லில் வெட்டியிருந்தது. ஐம்பது வருட மழையில் பாதி எழுத்து தேய்ந்தும் போயிருந்தது. ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த மாதம் ரப்பர் விலை இறங்கியிருந்ததால் எல்லாருக்கும் அதே பேச்சு. பிரீனா மட்டும் அந்தக் கல்லறை முன்னால் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றாள். பதினைந்து வருடமாக அந்த இடத்தில் படுத்திருந்தவர் அவளுடைய அப்பா ஜெபதாஸ்.

இது எப்படித் தொடங்கியது என்றால், முந்திரிக்கொத்து விற்காமல் போனதில் தொடங்கியது. வறுத்த சிறுபயறையும் தேங்காயையும் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தெடுக்கிற அந்தப் பலகாரத்தைப் பிரீனாவும் அம்மா பூங்கனியும் 2019இல் வீட்டுக் கொட்டகையில் செய்ய ஆரம்பித்தார்கள். ருசிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பாக்கெட்டில் கன்னியாகுமரிக் கடைகளுக்குப் போனது அப்படியே திரும்பி வந்தது. சங்குமாலை வாங்குகிற சுற்றுலாக்காரர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மார்த்தாண்டத்தில் விளம்பரக் கம்பெனி வைத்திருந்த லிஜோ, பிரீனாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு நோயைச் சரியாகச் சொன்னான். “ஏட்டி, சாதனம் கொள்ளாம், நல்ல ருசி. பழசா இல்ல, அதாக்கும் குறை. ‘இத நான் சின்னப் பிள்ளையில தின்னுருக்கேன்’னு வாங்குகவனுக்கு ஒரு தோணல் வரணும். பொறவு ருசியெல்லாம் தானா வரும்.”

அவன் ஒரு தகர டப்பா வரைந்தான். வெயிலில் வெளுத்த மாதிரி மஞ்சள், சிவப்புக் கரை, கையால் எழுதினது போல லேசாக நடுங்குகிற எழுத்து. மூலைகளில் துருவையும் அச்சடிக்கச் சொன்னான். நடுவில் கறுப்புக் கோட்டும் முறுக்கு மீசையும் கையில் மடக்கிய குடையுமாக ஒரு மனிதர். மூக்கு ஒரு பழைய படத்திலிருந்து, கண் இன்னொன்றிலிருந்து. சபைப் பதிவேட்டில் இல்லாத பெயராகத் தேடி டைட்டஸ் என்று வைத்தார்கள், நாளைக்கு யாரும் எங்க தாத்தாவாக்கும் என்று சண்டைக்கு வந்துவிடக் கூடாதே என்று. அடியில் ‘1931 முதல்’. “நாம தொடங்கினது போன கொரோனாவுக்கு முந்தின வருசம் அல்லியா?” என்று பிரீனா கேட்டதற்கு, “அத டப்பாவில போட்டா ஆரு வாங்குவா?” என்றான் லிஜோ.

டப்பா பிய்த்துக்கொண்டு போனது. மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர், எங்க அப்பா இந்த டப்பாவிலதான் ஆணி போட்டு வச்சிருந்தாரு என்று கடையிலேயே கண் கலங்கினார். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வந்த ஒரு அம்மாள், பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்று இதை விற்ற மனிதரை நினைவிருக்கிறது என்றாள். இதுவரைக்கும் எந்த ஊரிலும் நடக்கிற வியாபாரம்தான். இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பிரீனா தவறு செய்தது ஆலயத்தில்.

அந்தச் சபையில் பிறந்தநாள், கல்யாணநாள், புதுவீடு என்று எதற்கும் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போடுவார்கள். கவரில் எழுதினதைச் செயலாளர் ஆராதனை நடுவில் வாசிப்பார், போதகர் ஜெபிப்பார், சபையார் ஆமென் சொல்வார்கள். நூற்றைம்பது வருடமாக அந்தக் கவரில் பொய் எழுதினவர்கள் இல்லை. வாசிப்பதைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் நன்றாக இருக்கும் என்று லிஜோ சொன்னதைக் கேட்டு, பிரீனா ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு இப்படி எழுதிக் கொடுத்தாள்: ‘டைட்டஸ் அவர்களின் முந்திரிக்கொத்து வியாபாரத்தைத் தொண்ணூற்று மூன்று வருடம் ஆண்டவர் நடத்தி வந்ததற்காக.’ செயலாளர் வாசித்தார். எண்ணூறு பேர் ஆமென் சொன்னார்கள். லிஜோவின் வீடியோவில் அந்த ஆமென் நன்றாகவே விழுந்திருந்தது.

ஜூன் மாதம் ஒருவர் தென்னை வைக்கக் குழி தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பதினாறு டைட்டஸ் டப்பாக்கள் வந்தன. அச்சுத் துரு இருந்த மூலைகளில் நிஜத் துரு இருந்தது. ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துப் பழைய குழுப் படத்தில், ஆசிரியர்களுக்குப் பின்னால் குடையோடு ஒருவர் நின்றார். பஸ்சில் ஒருவர் புதிதாக உட்கார்ந்தால் இன்னொருவர் எழுந்துதானே ஆக வேண்டும். ஜெபதாஸ் எழுந்துகொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அருமனையில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உள்ளவர்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்து ஏற்றி இறக்கியவர். அவர்களில் ஒருவருக்கும் அந்த வேனை யார் ஓட்டினார் என்று சொல்லத் தெரியவில்லை. எட்டு வருடம் அதில் போன லிஜோவுக்கே தெரியவில்லை. வீட்டுச் சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் பூங்கனி பூச்செண்டோடு தனியாக நின்றாள், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் திரைச்சீலை. பிரீனாவின் ஆதார் அட்டையில் அப்பா பெயர் இருந்த வரி வெள்ளையாக இருந்தது.

பிரீனா டப்பாவை நிறுத்தினாள். பிரயோஜனம் இல்லை, சபையே ஆமென் சொன்னதை யார் திரும்ப வாங்குவது? அப்பா பெயரில் ஒரு கவர் எழுதிக்கொண்டு போனாள். செயலாளர் நல்ல மனிதர், பதிவேட்டை மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: “இப்பிடி ஒரு ஆளு நம்ம சபையில இருந்ததில்லியே மக்கா. இல்லாத ஆளுக்க பேர நான் எப்பிடி வாசிக்க?” அன்று வீட்டுக்குத் திரும்பினபோது பூங்கனி வாசலில் நின்று, வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்: “வா மக்கா, இரி. நீ ஆருக்க பிள்ளையாக்கும்?”

அப்பா போனால் பின்னாலேயே தானும் போக வேண்டியதுதான் என்று அப்போதுதான் பிரீனாவுக்கு உறைத்தது. தன்னைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அம்மா அந்த வீட்டில் யாருமே இல்லாதவளாக உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நேரே மார்த்தாண்டம் போனாள். டைட்டஸ் வந்த வழியிலேயே அப்பாவையும் கொண்டுவந்துவிடலாம், இன்னொரு டப்பா போடு என்றாள். வரைவதற்குப் படம் ஒன்றும் மிச்சமில்லை. அவள் சொல்லச் சொல்ல லிஜோ வரைந்தான். முன் வழுக்கை, அகலமான காது, காக்கிச் சட்டை. எல்லாம் சரியாக வந்தது. முகபாவத்துக்கு வந்தபோது, “கோவக்காரரு” என்றாள். “பத்தாங் கிளாசில நான் கணக்குல தோத்தப்போ அடிச்சிட்டாரு. பொறவு ரெண்டு நாள் அவருதான் சோறு திங்காம கெடந்தாரு. எங்க அப்பான்னா எனக்கு அதாக்கும் ஞாபகம், லிஜோ.”

“அதெல்லாம் டப்பாவில வேண்டாம், கேட்டியா. கோவக்கார மொகம் விக்காது. வித்தாத்தான ஆளு வருவாரு? சிரிக்கட்டும்.”

பிரீனா அம்மாவின் கேள்வியை நினைத்தாள். சரி, சிரிக்கட்டும் என்றாள். இந்த முறை வருடம் போட அவள் சம்மதிக்கவில்லை; கல்லறையில் முடிகிற வருடம் யாருக்கு வேண்டும். அதற்குப் பதிலாக ‘அன்றும் இன்றும்’ என்று லிஜோ போட்டான். ஜெபதாஸ் முந்திரிக்கொத்து டைட்டஸைவிட வேகமாக விற்றது. மூன்றாவது வாரத்தில் பலருக்கு அந்த வேன் டிரைவர் நினைவுக்கு வந்துவிட்டார், எவ்வளவு சிரித்த முகம் என்றார்கள். பதிவேட்டிலும் பெயர் வந்தது. செயலாளர் கவரை வாங்கி வாசித்தார், சபையார் ஆமென் சொன்னார்கள், டிசம்பர் முதல் வாரம் நாலு மணி பஸ்சில் ஜெபதாஸ் வந்து இறங்கினார். கையில் பை ஒன்றும் இல்லை. பூங்கனி அவரைப் பார்த்து, “எம்புட்டு நேரமாட்டு பாத்துட்டு இருக்கேன்” என்றாள். பிறகு உள்ளே திரும்பி, “பிரீனா, அப்பா வந்தாச்சு, ஒரு கிளாஸ் தண்ணி எடு மக்கா” என்று கூப்பிட்டாள். தன் பெயரை அம்மா வாயால் கேட்டதும் பிரீனா அடுக்களையில் நின்று அழுதாள்.

அவர் நல்ல மாதிரியாக இருந்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், சிரித்துக்கொண்டே தூங்கினார். காய்ச்சல் வந்தபோதும் முகம் அப்படியேதான் இருந்தது. பிரீனா ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, காலையிலேயே கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வேண்டுமென்றே நிறுத்தாமல் இருந்தாள். தொட்டி நிறைந்து வழிந்தது. காயப்போட்டிருந்த பயறு மூட்டை மூட்டையாக நனைந்தது. கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் வெளியே வந்தார், மிதந்துபோகிற பயறைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“சாரமில்ல மக்கா, சாரமில்ல. போனாப் போட்டும்.”

“அப்பா, ஒருக்கா வழக்கு சொல்லுங்கப்பா, ஏசுங்கப்பா.” அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ஒருக்கா அடிங்க.”

என்ன கேட்கிறாள் என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்கிற ஆசை அவர் கண்ணில் தெரிந்தது. கையைக்கூட ஓங்கிப் பார்த்தார், ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்ததால் கை நடுவழியில் நின்று, அவள் தலையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது. உள்ளேயிருந்து பூங்கனி, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். அப்பாவோடதான் என்று பிரீனா பதில் சொன்னாள். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, மூன்று பேருக்குச் சாயா போட உள்ளே போனாள்.