கிருத்திகா ஓட்டினால் எரியும் விளக்கு

கிருத்திகாவின் காரில் முன்பக்க இடது சீட் எனக்கு. மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்குப் போக வர அவளோடுதான் பயணம். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை, கோழித்தீவனத்தைச் சோதித்துச் சொல்கிற ஆய்வுக்கூடத்தில். பெட்ரோலில் என் பங்கைக் கொடுப்பதைத் தவிர அந்த வண்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதனால் நடந்ததை ஓரளவு நியாயமாகவே சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். கோபம் வருகிற இடத்தில் வரத்தான் செய்யும்.

பழைய வண்டி. முன்பு வைத்திருந்தவர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் டாக்டர். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் ஓடாத வண்டி என்று தரகர் சொன்னார். பழைய கார் விற்கிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நாமக்கல் மெக்கானிக் வாஜித்தைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவர் அடியில் படுத்துப் பார்த்தார், கதவு ரப்பரை உரித்துப் பார்த்தார், சீட்டுகளைத் தள்ளிப் பார்த்தார். அடிபடாத வண்டி, தைரியமாக எடுக்கலாம் என்றார். கிருத்திகாவின் சேமிப்பில்தான் வாங்கியது. ஆர்.சி. மட்டும் அவள் கணவன் இளஞ்செழியன் பெயரில். ஏன் என்று கேட்டேன். "ஊட்ல அப்படித்தான் பேசிக்கிட்டோம்" என்றாள். பேசியது யார், கேட்டுக்கொண்டது யார் என்று நான் துருவவில்லை.

இளஞ்செழியன் கெட்டவன் இல்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறான். மனைவி கார் ஓட்டக்கூடாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "ஓட்டிப் பாக்கட்டும், தொந்தரவு குடுத்தா வண்டிய வித்துரலாம்" என்றுதான் சொன்னான். கூடாது என்று சொல்பவனோடு சண்டையாவது போடலாம். இப்படிப் பேசுகிறவனோடு என்ன செய்வது?

அந்த வீட்டில் காரை வெளிப்படையாக எதிர்த்தவர் அவன் அம்மா ராமாத்தாள்தான். "பொம்பளைக்கு எதுக்குங்க காரு" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வார். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் முதல் ஆளாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

வாங்கிய புதிதில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலையில், ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு மோகனூரைத் தாண்டும்போது, வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் முன்னால் ஒரு பந்து. ஏர்பேக் விளக்கு. மோதினால் விரிந்து காப்பாற்ற வேண்டிய பை விரியாமல் போகலாம் என்று அர்த்தம். வண்டி என்னவோ வழக்கம்போலத்தான் ஓடியது. அதுதான் பயமாக இருந்தது.

மாலையில் இளஞ்செழியன் ஓட்டிப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. மறுநாள் கிருத்திகா ஓட்டினாள், எரிந்தது. வாஜித் பட்டறைக்கு அவன்தான் கொண்டுபோனான், எரியவில்லை. வாஜித் தன்னுடைய சின்ன ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். அது கோளாறு எந்த ஊரில் என்று சொல்லுமே தவிர எந்தத் தெரு என்று சொல்லாது. ஏர்பேக் ஒயரில் எங்கோ தொடர்பு விட்டுப்போகிறது என்றது. வாஜித் அதை அழித்து அனுப்பினார். நான்கு நாள் கழித்து மறுபடி வந்தது. ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒயரை மாற்றினார். மறுபடி வந்தது. பிளக்குகளுக்கெல்லாம் மருந்து அடித்தார். அதற்கும் அது அசரவில்லை.

"உன்னையப் பாத்தா வண்டிக்குப் புடிக்கல போல" என்று இளஞ்செழியன் சிரித்தான். முதல் தடவை கிருத்திகாவும் சிரித்தாள். பிறகு அது அவன் கடைக்கு வருகிறவர்கள் வரைக்கும் பரவிவிட்டது. பொம்பளை உட்கார்ந்தால் லைட் எரிகிற கார்.

இதற்கு நடுவில்தான் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பொறுப்பு வந்தது. ராசிபுரம், சேந்தமங்கலம், பரமத்தி என்று தீவன ஆலைகளுக்கு நேரில் போய் மாதிரி எடுத்து வருகிற பிரிவுக்கு அவள்தான் தலைமை. பஸ்ஸில் போய்ச் செய்ய முடியாத வேலை. சொந்த வண்டி இருக்கிறவர்களுக்குத்தான் என்று மேலாளர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய புதன்கிழமை விளக்கு மறுபடி எரிந்தது. அன்றிரவே இளஞ்செழியன் ஆத்தூர் அரிசி மில்காரர் ஒருவரிடம் பேசி, ஞாயிறு காலை வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டான். "உசுரு சம்பந்தப்பட்டது, வெளையாட முடியாது" என்றானாம். அதில் அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் வேறு வண்டி எப்போது என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றிருக்கிறான். அந்த வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். வண்டி போனால் பொறுப்பும் போகும். வியாழக்கிழமை காரில் இதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச்சொன்னாள். நான் போனபோது வாசலில் கார் கழுவித் துடைத்து நின்றது. வாங்க வருகிறவருக்கு விவரம் சொல்ல வாஜித்தும் வந்திருந்தார். இளஞ்செழியன் போனில், "காவேரிப் பாலம் தாண்டாதீங்க, அதுக்கு முன்னாலயே திரும்பிருங்க" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தான். ராமாத்தாள் கதவோரம் நின்றிருந்தார்.

கிருத்திகா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் வண்டியில் உட்கார்ந்தாள்.

"சௌமி, நீ லைட்ட மட்டும் பாரு" என்றாள்.

அவள் செய்தது எங்கள் இருவருக்கும் பழகிய வேலை. தீவனத்தில் கோளாறு என்றால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற மாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றுவோம், மற்றதை அப்படியே விடுவோம். அவனும் அவளும் ஓட்டுவதில் என்னென்ன வித்தியாசம் என்று இரண்டு நாளாக யோசித்திருக்கிறாள். அவன் வேகமாகப் போவான். அவள் பெல்ட் போடுவாள், அவன் பெரும்பாலும் போட மாட்டான். அவன் ஆறடி. அவள் என் தோளுக்கு வருவாள்.

வண்டியை நிறுத்தியபடியே வைத்து, சீட்டை அவன் உட்காருகிற அளவுக்குப் பின்னால் விட்டு, இன்ஜினை ஓடவிட்டாள். பெல்ட் போட்டாள். எரியவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கி, சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்தாள். இல்லை. இன்னொரு பல். இல்லை. அவள் கால் கிளட்சை முழுதாக மிதிக்கிற அளவுக்கு மூன்றாவது பல் இழுத்தபோது பந்து வைத்த ஆள் சிவப்பாக வந்து உட்கார்ந்தான்.

"எரியுது" என்றேன்.

அணைத்துவிட்டு, சீட்டைப் பின்னால் தள்ளி, மறுபடி ஸ்டார்ட் செய்தாள். எரியவில்லை. முன்னால் இழுத்தாள், எரிந்தது. இளஞ்செழியன் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"வாஜித்தண்ணா, சீட்டுக்கு அடியில பாருங்க" என்றாள்.

வாஜித் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டு கீழே குனிந்தார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணு இருக்குதுங்க. போன தடவையே பாத்தேன். மஞ்சத்துணியில முடிஞ்சு பிளக்கோட கட்டியிருக்குது. உங்க சாமி சமாச்சாரம், என்ற கை பட்டு ஏதாச்சும் குத்தமாயிருச்சுனா? அதான் தொடல. சீட்டு பின்னால இருந்தப்ப அது சும்மாதான் தொங்குச்சு. முன்னால இழுத்தா சீட்டு நகர்ற தண்டவாளத்துல மாட்டி ஒயர இழுக்கும்னு நான் நெனைக்கலைங்க."

மரியாதை செய்கிற வேலையைப் பாருங்கள். அவர் தொடாமல் விட்டதைச் சொல்லியாவது இருக்கலாம். சாமி சமாச்சாரத்தைப் பற்றிக் கேட்பதும் மரியாதை இல்லை என்று விட்டிருக்கிறார். அவர்மேல் எரிச்சல் வந்தது, கோபப்படவும் முடியவில்லை.

இளஞ்செழியனே கையை விட்டு அவிழ்த்து எடுத்தான். எலுமிச்சை அளவுக்கு மஞ்சள் துணி முடிச்சு, உள்ளே காசு. அவன் முகம் வெளுத்துவிட்டது. ரிக் பாகங்களோடு நாள் முழுக்கப் புழங்குகிற ஆள்தான், இருந்தாலும் அதைத் தேள் போலத் தூக்கிப் பிடித்தான்.

"அந்த டாக்டரு ஊட்ல யாருக்கோ செஞ்சு வெச்சிருக்கறாங்க. செய்வினை. அது நம்ம தலைல வந்து விடிஞ்சிருக்குது. இனி ஒரு நிமிசம் இந்த வண்டி இங்க நிக்கக்கூடாது. இத ஆத்துல போட்டுட்டு வாரேன்."

"இல்லீங்களேண்ணா" என்றார் வாஜித். "வாங்கறப்ப சீட்டைத் தள்ளிப் பாத்தது நாந்தான். அப்ப இது இல்ல. துணியும் பழசு இல்லீங்க."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டப் போனான். கிருத்திகா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கோளாறைக் கண்டுபிடித்ததே வண்டியை விற்பதற்குக் காரணமாகிவிட்டது. ஸ்டீயரிங்கில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

ராமாத்தாள் படியிறங்கி வந்து மகனுக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

"அதைக் குடு. என்னுது."

"உன்னுதா?"

"கருப்பணாருக்கு முடிஞ்சு வெச்ச காசு. பூசை ரூம்புல வெச்சா என்ன ஏதுன்னு கேப்பே. வண்டியில சும்மா போட்டா பிரேக்குக்கு அடியில உருண்டு போயிரும். அடியில கவுறாட்ட ஒண்ணு தொங்குச்சு, அதுல கட்டிப்போட்டேன். அது லைட்டுக் கவுறுன்னு எனக்கு என்ன தெரியும்?"

"என்னன்னு முடிஞ்சே?"

ராமாத்தாள் முடிச்சை வாங்கி முந்தானையில் செருகிக்கொண்டார். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது.

"இந்த வண்டி நம்ம ஊட்டுலயே நிக்கோணும், இவ ஓட்டோணும்னு. நிறைவேறுற முன்னால வெளிய சொல்லக்கூடாது. சொல்ல வெச்சுட்டீங்க."

"அத்தை" என்றாள் கிருத்திகா. இத்தனை நாளும் தெருவெல்லாம் காரைத் திட்டிக்கொண்டிருந்த மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் காதில் விழட்டும் என்றுதான் அந்தத் திட்டு என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. இரண்டு பெண்களும் ஒரே பக்கம் நின்றால் அவன் எதிர்ப்பக்கம்தான் போய் நிற்பான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

இளஞ்செழியன் கோபமில்லாமல், கொஞ்சம் மனம் உடைந்த குரலில்தான் கேட்டான்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்கிட்டச் சொல்லி நடக்குமுன்னா, நான் எதுக்கு சாமி கருப்பணாருகிட்டப் போறேன்?" என்றார் ராமாத்தாள்.

அடிக்கிற மாதிரி சொல்லவில்லை. எப்போதும் மகனைக் கூப்பிடுகிற மாதிரி, சாமி என்று பிரியமாகத்தான் சொன்னார். அதனால்தான் அவனால் அதைத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அவன் தலை குனிந்துவிட்டது.

போன் அடித்தது. ஆத்தூர்க்காரர், திருப்பத்துக்கு வந்துவிட்டாராம். இளஞ்செழியன் வாஜித்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"சிரமத்துக்கு மன்னிச்சுக்குங்க. வண்டியில ஒரு கோளாறு இருக்குது, குடுக்கறாப்பல இல்லீங்க" என்றான்.

அந்த விளக்கு முதலில் எரிந்த நாளுக்குப் பிறகு அந்த வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாதது அன்றுதான். யாரும் அவனைத் திருத்தவில்லை.