இன்னொரு ஸ்டெப்னி இல்லை

அலெக்ஸாண்டிரியாவில் மழை கொட்டிய மறுநாள் பள்ளி வேனில் போவதென்றால் எனக்குப் பயம்தான். எது பள்ளம், எது வெறும் தண்ணீர் என்று ஓட்டுநர் ஸக்கிக்கே தெரியாது. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. பள்ளிக் கதவை மூடிவிடுவார்களே என்ற பதைப்பில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்திக்கொண்டிருப்பேன்.

ஷாஹிந்தா ஒன்றாம் வகுப்பு. பருமனான குழந்தை. அவள் ஏறினால் மற்றவர்கள் புத்தகப்பையை இழுத்துப் போட்டு இடத்தை அடைத்துக்கொள்வார்கள். வேன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நாலாம் வகுப்புப் பையன் மாஸின், பின் இருக்கையிலிருந்து, "ஏய் ஷாஹிந்தா, மெதுவா உக்காரு! டயர் வெடிச்சிடும்!" என்பான். வேனே சிரிக்கும். நான் திட்டுவேன். அடுத்த பள்ளம் வரை அடங்கியிருப்பார்கள்.

அன்றைக்குக் கடற்கரைச் சாலையில் டயர் நிஜமாகவே வெடித்தது.

வேன் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பிறகு மாஸின், "நான்தான் சொன்னேன்ல!" என்றான்.

எல்லாரையும் இறக்கினோம். கடல்காற்று ஆளைத் தள்ளியது. "வேன் எங்க இருக்கு?" என்று தாய்மார்கள் மாற்றி மாற்றிப் போன் செய்தார்கள். ஸக்கி ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மாற்றிக்கொண்டே, "இன்னொன்னும் போச்சுன்னா தொலைஞ்சோம். இன்னொரு ஸ்டெப்னி இல்ல" என்று முணுமுணுத்தார். அவர் நூறு கிலோவுக்கு மேல் இருப்பார்.

நான் மாஸினைத் தனியே இழுத்தேன். "ஸக்கி மாமா அவளைவிட எத்தனை மடங்கு இருக்காரு? அவராலதான் வெடிச்சுதுன்னு சொல்லேன் பாப்போம்."

"அவரு பெரியவரு மிஸ். அடிப்பாரு."

பழைய டயரிலிருந்து ஸக்கி பிடுங்கிய ஆணியை எடுத்துக்கொண்டு ஷாஹிந்தாவிடம் போனேன். கடலோரச் சுவரை ஒட்டித் தனியாக நின்றிருந்தாள்.

"இங்க பாரு கண்ணு. இதுதான் குத்தியிருக்கு."

ஆணியை வெகுநேரம் பார்த்தாள். "ஆணி கீழ இருந்துச்சு. மேலேருந்து அழுத்துனது நான்தானே மிஸ்?"

"எல்லாரும்தான் உக்காந்திருந்தோம்."

"நான்தான் நிறைய."

மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அவள் நகரவில்லை. "நான் ஏறுனா இன்னொன்னும் போயிடும். ஸ்டெப்னி இல்லன்னு மாமா சொன்னாரு."

"நேரமாச்சு, தூக்கி உள்ள போடும்மா!" என்று ஸக்கி ஹாரனை அடித்தார். நான் குனிந்து அவள் இடுப்பில் கை கொடுத்தேன். அலறிவிட்டாள்.

"தூக்காதீங்க மிஸ்! உங்க முதுகு ஒடிஞ்சிடும்!"

கையை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் அவளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

நடந்தோம். பள்ளி இரண்டு ட்ராம் நிறுத்தம் தள்ளி. நானில்லாமல் பிள்ளைகளைத் தனியே அனுப்ப முடியாதென்பதால் வேனும் எங்கள் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. பின்னால் வந்த கார்களெல்லாம் ஏசின. ஜன்னல் நிறைய முகங்கள். ஷாஹிந்தா நிமிரவேயில்லை. ஈரச் சாலையைப் பார்த்தபடி, ஆணி ஏதும் கிடக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தாள்.

கதவு மூடியிருந்தது. கெஞ்சித்தான் உள்ளே போனோம்.

மத்தியானம் அவள் அம்மா நிஹால் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராத்திரி ரொட்டியை நிறுத்திடறேன் மிஸ். கொஞ்சம் இளைச்சான்னா அவங்க வாய் அடங்கும்."

"வாய் அவங்களோடது. பட்டினி இவளுக்கா?"

நிஹால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து ட்ராமில் அழைத்து வந்தாள். அந்த வாரக் கடைசியில் பள்ளி வாசலில் என்னைப் பிடித்துச் சொன்னாள்: "ட்ராம்லயும் உக்கார மாட்டேங்குறா. இடம் காலியாத்தான் கிடக்கு. நின்னுக்கிட்டே வர்றா."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஸக்கி கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டார். சாயங்காலம் எல்லாரையும் இறக்கியதும், என்னைக் கேட்காமலே வேனை ஷாஹிந்தாவின் தெருவுக்குத் திருப்பினார்.

"ஷாஹிந்தா! நீ மட்டும் ஏறு. எந்தப் பள்ளத்துல வேணும்னாலும் விடறேன். வெடிச்சா நான் தள்ளிக்கிட்டுப் போறேன்."

அவள் நாலு டயரையும் சுற்றி வந்து பார்த்தாள். அம்மாவையும் என்னையும் பார்த்தாள். அப்புறம் ஏறி, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

முதல் பள்ளம். "போச்சா மாமா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்லம்மா!"

தெருவை மூன்று முறை சுற்றினோம். மூன்றாவது சுற்றில் இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள். நிஹால் வாசலில் நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பள்ளி வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை ஷாஹிந்தா மறுபடியும் வேனில் வந்தாள். மாஸினை முன்னால் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். "என் பையன் என்ன தப்பு பண்ணினான், விளையாட்டுக்குச் சொன்னான்" என்று அவன் அப்பா சண்டைக்கு வந்தார். வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் இப்போது கத்துவதில்லை. ஆனால் பள்ளம் வந்தால் பின்னால் திரும்பிப் பார்க்கிறான். இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

ஷாஹிந்தா ஜன்னலோரம் உட்கார்கிறாள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்கிறாள். "நல்லா உக்காரு கண்ணு" என்கிறேன். உட்கார்கிறாள். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் எழும்பிக்கொள்கிறாள்.