எரித்த பைன் காய்கள்

தங்கை வீட்டுக்காரர் மலையில் விடுதி கட்டியபோது, காற்றைத் தடுக்க மலை முகட்டில் நாற்பது பைன் கன்றுகளை நட்டார். எங்கிருந்தோ வந்த மரம். இந்த மண்ணில் அதைத் தின்ன ஒரு புழுகூட இல்லை. பதினைந்து வருஷத்தில் அதன் விதை பறந்துவந்து கீழே இருந்த அக்காவின் புல்வெளியில் குடியேறியது. மூன்று மாடுகள்தான் அக்காவின் பிழைப்பு. பைனின் ஊசியிலை உதிர்ந்த இடத்தில் புல் தலைகாட்டவில்லை. மரங்கள் நீரை உறிஞ்சி, போன கோடையில் அங்கிருந்த ஊற்றும் கண்ணை மூடிக்கொண்டது.

அக்கா நடையாய் நடந்து, முகட்டு மரங்களை வெட்டத் தங்கை மாப்பிள்ளையைச் சம்மதிக்க வைத்தாள். மரம் அறுக்க வந்தவர் போகும்போது இருவரிடமும் படித்துப் படித்துச் சொன்னார்: "காய் முக்காவாசி பிசின் ஒட்டி மூடிக் கிடக்கு. கிளையைக் கொளுத்திடாதீங்க. சூடு பட்டா வாயைப் பொளந்து விதையைக் கொட்டிடும். பொறுக்கி ஆழமாப் புதைச்சுடுங்க."

மறுநாள் காலையில் அக்கா காய் பொறுக்கச் சாக்குப்பையோடு போனபோது முகடு புகைந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் வருகிறார்களாம், குப்பை கண்ணை உறுத்துகிறதாம். மாப்பிள்ளை கொளுத்திவிட்டார்.

மழை பெய்து ஒரே மாதம். புல்வெளியில் கால் வைக்க இடமில்லாமல் பைன் முளைத்தது. இடுப்பு ஒடியப் பிடுங்கிய அக்கா, கூடையோடு நேரே விடுதிச் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து மேசைமேல் கொட்டினாள்.

"என்னக்கா இது, ஆளுங்க சாப்பிடுற நேரத்துல?"

"நீங்க விதைச்சது மாப்ளே. அறுவடை கொண்டாந்திருக்கேன்."

"சின்னச் செடிதானே. பச்சைப்பசேல்னு நல்லாத்தானே இருக்கு?"

அக்காவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கா? என் மாடு இதைத் திங்குமா? ஒரு கொத்தை நீங்க மென்னு முழுங்கிக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி தங்கை வந்தாள். எப்போதும் போல மழுப்பத்தான் வருகிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"ஊத்து வத்தினப்பவே நான் இவரைத் தட்டிக் கேட்டிருக்கணும்," என்றாள் தங்கை. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "செருப்பை மாட்டுங்க. போய்ப் பிடுங்கலாம்."

மூவரும் பொழுது சாயும்வரை பிடுங்கியும் ஒரு மூலைகூடத் தீரவில்லை. மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "எத்தனை வருஷம்கா இப்படி?"

"மண்ணுல விதை தீர்ற வரைக்கும்."

அவர் மறுபடி குனிந்து அடுத்த செடியைப் பிடித்தார். அக்காவுக்குக் கோபம் ஒரு துளியும் இறங்கவில்லை. "நாளைக்கு விடிஞ்சதும் வந்துடுங்க," என்றாள். மாப்பிள்ளை என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.