இக்னேசியஸ் எழுதிய மரண அறிவித்தல்

இக்னேசியஸிடம் விக்ரோறியா மகாராணியின் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அன்றைக்கு நீங்கள் வீடு போய்ச் சேர்ந்தபாடில்லை. ஒன்பது பிள்ளைகளில் யார் எந்த நாட்டில் சம்பந்தம் செய்தது, நோர்வே, சுவீடன், ஸ்பெயின் அரசர்கள் எந்தப் பிள்ளை வழி வந்தவர்கள், எல்லாம் மனுசனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதலாம் உலகப்போரைக்கூடக் குடும்பச் சண்டையாகத்தான் சொல்லுவார். ஜேர்மன் கைசர் அக்காவின் மகன், இங்கிலாந்து அரசர் தம்பியின் மகன். முறைக்கு மச்சான்மார், வெட்கமில்லாமல் அடிபட்டார்கள் என்று சிரிப்பார்.

இப்படி முறை தெரிந்தவர் என்றுதான் அவர் இருக்கும் டோர்செட் பார்க் பகுதியில் எந்தச் செத்தவீட்டுக்கும் மரண அறிவித்தல் எழுத அவரைப் பிடிப்பார்கள். மைத்துனி, சகலன், பெறாமக்கள், பூட்டப்பிள்ளைகள் என்று ஒருவரையும் விடமாட்டார். ஒரு பெயர் விடுபட்டாலும் சனம் பிறகு முகம் கொடுத்துக் கதைக்காது.

அப்படிப்பட்டவருக்குத்தான் மார்க்கம் நகரிலிருந்து ஜூலி போன் எடுத்தாள். தங்கை கிளடிஸின் ஒரே மகள். கிளடிஸ் காலையில் கண்ணை மூடிவிட்டாளாம். அறிவித்தலை மாமாதான் எழுதவேண்டுமாம்.

இருபது வருசப் பகை. ஜூலி நிசாந்தனை விரும்பியபோது, இவர் அவன் பரம்பரையைத் தோண்டித் துருவி, அந்தப் பகுதி எங்களுக்குச் சரிவராது என்று ஒற்றைக்காலில் நின்றார். கிளடிஸ் மகளின் பக்கம் நின்றாள். இவர் கலியாணத்துக்குப் போகவில்லை, அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவுமில்லை. முதல் சில வருசம் நத்தார் பண்டிகைக்குக் கிளடிஸ் போன் அடித்துப் பார்த்தாள். பெரிய ரோசக்காரர், பதில் சொல்லவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்தார். கணவன் பெயர், மகள் பெயர், மருமகன் நிசாந்தன் என்பது வரைக்கும் வந்தது. பேரப்பிள்ளைகள் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. ஸ்பெயின் அரசரின் பிள்ளைகள் பெயர் மட்டும் நாக்கில் வந்து நின்றது. அட, பாவி மனுசா!

வேறு வழியில்லை, திரும்ப ஜூலிக்கே எடுத்தார்.

"பிள்ளை, உன்ரை பிள்ளையளின்ரை பேர் என்ன?"

மெலிசா, அபிஷன் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அம்மா ஆஸ்பத்திரியிலை ஒண்டு சொன்னவ. அறிவித்தலிலை உங்கடை பேரைப் போடுறது உங்கடை விருப்பமாம். உங்களுக்கு வெட்கமெண்டால் விடச்சொன்னவ."

போனை வைத்துவிட்டு, 'இக்னேசியஸின் அன்புச் சகோதரியும்' என்று எழுதினார். எல்லா வீட்டுக்கும் யோசிக்காமல் போடுகிற சொல்தான் அந்த 'அன்பு'. அதற்கு மேல் எழுத ஏலாமல் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.