குட்டைமேல் நின்ற பாட்டு

தனிஸ்லாசுக்குக் காது போய்விட்டது என்பது முத்தியால்பேட்டையில் யாருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவன் வேலை பார்த்தது மில்லின் தறிக்கொட்டகையில். அங்கே நல்ல காது உள்ளவனும் செவிடன்தான். அத்தனை தறிகளும் சேர்ந்து அடிக்கிற அடியில், மேஸ்திரி திட்டுகிறான் என்பதைக்கூட அவன் வாய் கோணுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டுவார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல். மேஸ்திரி வருகிறான் என்றால் இல்லாத மீசையை முறுக்குவார்கள்.

மனைவி ஆனந்தமேரியும் அதே மில்லில் நூல் சுற்றுகிறவள். கொட்டகைப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்பதற்கும் கை, விளக்கை அணை என்பதற்கும் கை. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி, ரெண்டு பேரும் வாயை எந்தக் கடையில் அடகு வைத்தீர்கள் என்று கேலி செய்வாள். அந்தக் கைப்பேச்சின் மறைவில் அவன் காது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது, அவளுக்கும் தெரியாமல். முதலில் குருவிகள் போயின. பிறகு மழை. கடைசியில் மில் சங்கும் போயிற்று. மற்றவர்கள் துண்டை உதறித் தோளில் போடுவதைப் பார்த்து அவனும் தறியை நிறுத்துவான்.

அவன் சொல்லாமல் இருந்ததற்கு ஒரே காரணம் மாதா பிரார்த்தனை. அக்டோபர் பிறந்தால் தினமும் சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை முடிந்ததும் பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டு மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாடுகிறவன் அவன்தான். ஒரு பெயரை அவன் பாடி நிறுத்தினால், முதுகுக்குப் பின்னால் சனம் முழுக்க ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் பாடும். மேஸ்திரிக்கு அவன் பெயர் தெரியாது, தறியின் நம்பர்தான் தெரியும். வருஷத்தில் அந்த ஒரு மாதம், அந்த முழங்கால் போட்ட இடத்தில்தான் அவன் ஓர் ஆள்.

தன் குரல் அவனுக்குத் தொண்டையில் தெரியும். தறி சரியாக ஓடுகிறதா என்று உள்ளங்காலில் தெரிவது மாதிரி. ஆனால் சனத்தின் பதில் எங்கே தெரியும்? பீடத்தைப் பார்த்து முழங்கால் போட்டவனுக்கு முதுகில் கண் இல்லை. போன வருஷம் ஒரு முணுமுணுப்பாவது வந்தது. இந்த வருஷம் அதுவும் இல்லை. குத்துமதிப்பாக நிறுத்தி, குத்துமதிப்பாகத் தொடங்கினான். வியாழக்கிழமை பாதிப் பதிலிலேயே அடுத்த பெயரைத் தூக்கினான், சனம் தடுமாறியது. முடித்துவிட்டுத் திரும்பியபோது அத்தனை தலைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சவரிராயன் வாசலில் அவனை மடக்கினார். அவர் வாய் பெரியது, படிக்கச் சுலபம்.

“ஏன்டா தனிஸ்லாசு, பேய் தொரத்துதா உன்ன? சனம் வாய மூடறதுக்குள்ள அடுத்த பேரத் தூக்கிக்கினு ஓடற.”

ஞாயிற்றுக்கிழமை பெரிய சாமியார் வருகிறார், அன்றைக்கும் இப்படி ஆனால் பள்ளிக்கூடத்து யூஜின் வாத்தியார் பாடட்டும், உனக்கு ஓய்வுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வேலை விட்டதும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. எட்டு மணி நேர வேலை என்று குறைந்த பிறகுதான் அவர்களுக்கெல்லாம் சாயங்கால வெயில் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. மில்லின் சுடுதண்ணீர் வந்து விழும் குட்டைக்கு நடந்தான். நூலுக்குப் போடும் கஞ்சியின் நாற்றத்துக்குப் பயந்து யாரும் அங்கே வரமாட்டார்கள். கரையில் உட்கார்ந்து ஒரு பெயரைப் பாடினான். மனசுக்குள் பதிலை ஓட்டிப் பார்த்தான். மறுபடி பாடினான். சனம் எவ்வளவு நேரம் எடுக்கும்? காது இருந்த காலத்தில் அதை அளந்து வைக்கத் தோன்றவில்லை. இப்போது எந்த அளவும் சரியாக வரவில்லை.

கடல் பக்கம் மேகம் கறுத்து வந்தது. காற்று அடங்கிப்போனது. அப்போதுதான் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சில் ஏதோ சிக்கித் துடிப்பதைப் பார்த்தான். ஒரு தட்டான். மெல்லப் பிய்த்து எடுத்துக் கைக்குள் மூடினான். அது சிறகை அடித்தது.

அந்த அடி உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டில் ஏறி முழங்கை வரைக்கும் வந்தது. மூடிய கையைத் தாடையில் வைத்து அழுத்தினான். பல்லில் வந்தது. கேட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் பாடும்போது தொண்டையில் எது தெரியுமோ அது இதிலும் இருந்தது. கையைத் திறந்தான். அது மேலே போயிற்று. அதைத் தொடர்ந்துபோன கண்தான் மற்றதைப் பார்த்தது.

குட்டை முழுக்கத் தட்டான்கள். தண்ணீரிலிருந்து பனை உயரம் வரைக்கும். எப்போது வந்தன, எங்கிருந்து வந்தன, தெரியவில்லை. சாய்ந்த வெயில் அவற்றின் சிறகில் பட்டு ஆகாயமே அதிர்ந்தது. ஒன்று சட்டென்று பாய்ந்தது, சட்டென்று நின்றது. மண்ணில்லாமல், கொம்பில்லாமல், வெறுங்காற்றில் நின்றது. அவன் ஆயுசெல்லாம் பார்த்தது தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா. அதுவும் பாயும். ஆனால் போய் முட்டித் திரும்பும், முட்டாமல் அதற்கு நிற்கத் தெரியாது. இது முட்டவில்லை. நின்றது, நின்றபடியே நடுங்கியது, நீளமாக இழுத்த ராகம் மாதிரி. பிறகு ஒரு வெட்டு வெட்டி மேலே ஏறியது. அது ஏறிய இடத்துக்கு இன்னொன்று இறங்கி வந்தது. ஒன்று எடுக்க, பத்து வாங்க, நூறு விரிக்க, ஒன்றோடொன்று இடிக்காமல். இத்தனை வருஷம் நூலையும் பஞ்சையும் பார்த்துத் தேய்ந்த கண்ணுக்கு முன்னால் ஒரு பெரும் பாட்டு சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சுரம்கூட அவனுக்குத் தப்பவில்லை. மயிர்க்கூச்செறிந்தது. தன்னையறியாமல் மண்டி போட்டிருந்தான்.

தோளில் கை விழுந்தது. திரும்பினான். ஆனந்தமேரி. மூச்சு வாங்க நின்றாள்.

“மதகுலேருந்து கூப்ட்டுக்கினே வரேன்,” என்றாள்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடி முன்னால் வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“நான் உங்கள வுட்டுட்டு ஓடப்போறேன்னு சொன்னேன். நீங்க திரும்பவேயில்ல.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எத்தினி நாளா?”

ரொம்ப நாளாக என்று கையை வீசிக் காட்டினான். நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று அவள் கையால் கேட்டாள். அவன் குட்டையைக் காட்டினான். அதைப் பாட்டு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஐந்து விரலையும் சேர்த்துப் பாயவிட்டான். நிறுத்தினான். நுனிகளை நடுங்கவிட்டான். அவள் அவன் கையைப் பார்த்தாள், தட்டானைப் பார்த்தாள். தன் கையையும் தூக்கினாள். அவன் கை நின்ற இடத்தில் அவள் கை விரிந்து பதில் சொன்னது. சிரித்துவிட்டாள்.

அவன் இன்னும் உற்றுப் பார்த்தான். தட்டான் சும்மா நிற்கவில்லை. எதிரே கொசு வருவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. கண் இருப்பதால்தான் அதற்கு நிற்க முடிகிறது. பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டவனுக்கு அது முடியாது. எத்தனை அளந்தாலும் முடியாது.

“யூஜினே பாடட்டும்,” என்றான். சொன்ன பிறகு மார்பு வலித்தது. ஏமாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, வலித்தது.

மழை இறங்கியது. தட்டான்கள் எங்கே போயின என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் ஆண்கள் பக்கம், நடுவழியை ஒட்டி, சவரிராயனுக்குப் பின்னால் உட்கார்ந்தான். முன்னால் யூஜினின் முதுகு. அந்த இடத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைத் திருப்பினான். நடுவழிக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையின் ஓரத்தில் ஆனந்தமேரி முழங்காலில் இருந்தாள். இடது கையில் ஜெபமாலை. வலது கை மடியின்மேல், முந்தானை மறைவில்.

அந்தக் கை பாய்ந்தது. நின்றது. விரல் நுனிகள் நடுங்கின. யூஜின் முதல் பெயரை எடுத்துவிட்டான். கை விரிந்தது. சனம் பதில் பாடுகிறது. மறுபடி பாய்ந்தது.

சட்டைக்குள் அவனுக்குச் சிலிர்த்தது. குட்டைமேல் இருந்தது அத்தனையும் அவள் மடிக்கு வந்திருந்தது. ஓரிடத்தில் கை அந்தரத்தில் வெகுநேரம் நின்றது. யூஜின் மூச்சு வாங்குகிறான்போல. அவனும் கூடவே நின்றான். கை விரிந்தது. அவன் வாயைத் திறந்து, தொண்டை நிறைய, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பாடினான்.

முன்னால் இருந்த சவரிராயன் பிசகென்று திரும்பிப் பார்க்கவில்லை.