பத்தொன்பதாம் எண் கொடுத்த அறை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியமான உண்மை. ஓர் எழுத்து பொய்யென்றாலும் சொல்கிற நாக்கு மூட்டுக்கு மூட்டு வீங்கிப்போகட்டும். நாக்குக்கு ஏது மூட்டு என்று யாரும் குறுக்கே பேச வேண்டாம், சத்தியம் சத்தியம்தான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குச் 'சொட்டு' என்று பட்டப்பெயர். முப்பது வருஷமாகச் சொட்டுச் சொட்டாக மருந்து அளந்தவர். ஒரு தும்மலைக் கொடுத்து இரண்டாகப் பிரிக்கச் சொன்னாலும் சரிசமமாகப் பிரித்துத் தருவார். ஒரு தடவை தந்திருக்கிறார்.

அங்கே நடந்த வேலை இதுதான். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்கள் சிலருக்குப் புத்தி பிசகி, சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். விரல் வீங்கும், அப்புறம் கோணும். அப்படிப்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து சில அணுக்களைப் பிரித்து, ஏழு நாள் வெப்பப்பெட்டியில் வளர்த்து, மூட்டின் புரதத்தைக் காட்டிப் பழக்குவார்கள். எட்டாம் நாள் ஊசியில் ஏற்றி அதே உடம்புக்குத் திருப்பி அனுப்புவார்கள். பழகியது போய்ப் பழகாததற்கு எடுத்துச் சொல்லும் என்பது கணக்கு. அணுக்கள் சாதுவாகிவிட்டால், "நம்மாளுன்னு சொல்லிடுச்சு" என்பது கூடத்து வழக்கம்.

சொட்டின் மனைவிக்கு அந்த நோய்தான். ஆறு வருஷம் முன்னால், "காலையில கை மடங்கவே மாட்டேங்குதுங்க" என்று அவள் முதல் தடவை சொன்னபோது, "பாத்திரம் கழுவுற நேரத்துக்கு மட்டும் எப்படித்தான் கரெக்டா வலிக்குதோ!" என்றார். எட்டு மாதம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பரிசோதனைத் தாள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு விரல் கோணிவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட அவளால் முடியவில்லை.

அவள் அழவில்லை. "விரல் மட்டும் நேராகட்டும், முதல் அறை உங்களுக்குத்தான்" என்றாள்.

"எந்தக் கன்னத்துல?"

"ரெண்டுலயும். நீங்கதான் சரிசமமா பங்கு போடுற ஆளாச்சே."

அன்று முதல் மனுஷன் அந்த அறைக்காகவே உயிர் வாழ்ந்தார்.

புது சிகிச்சைச் சோதனையில் அவளும் சேர்ந்தாள். பெயர்ப் பட்டியல் மருத்துவமனையில் பூட்டிக் கிடந்தது. கூடத்துக்கு வந்தது எண்கள் மட்டும். அவள் பத்தொன்பது. கூடத்துத் தலைவியான டாக்டரம்மா எல்லாரிடமும் ஒரு தாளை நீட்டினார். "இதுல யாரும் உங்களுக்குச் சொந்தமில்லைன்னு கையெழுத்துப் போடுங்க. சொந்தக்காரங்க ரத்தத்தைத் தொடக் கூடாது."

அவள் ரத்தத்தை இன்னொருவர் கையில் விட சொட்டுக்கு மனசு வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் சிரித்தாள். "அப்போ நான் யாரு உங்களுக்கு?"

"யாரோ. பத்தொன்பது."

"சரிங்க யாரோ. நல்லா வளர்த்துக் குடுங்க."

ஆறாம் நாள் காலை, பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு சொட்டு கூடத்துக்கு வந்தார். பத்தொன்பதின் அணுக்கள் வளர்ந்த தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஒரு அணுகூடப் பழகவில்லை. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூளை கெட்டதுங்களா! சொந்த வீட்டையே இடிக்கிறீங்களே. அவ நம்மாளுடா!"

தட்டின் நடுவே பெரிய அணு ஒன்று. அந்த வகைக்குக் கிளை கிளையாகக் கை முளைக்கும். இதற்கு இருபத்துமூன்று கை. அத்தனையையும் கட்டிக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தது.

"வலிக்குதுன்னு அவ சொன்னப்போ வேஷம்னு சொன்னது நாங்களா? சொந்தமே இல்லைன்னு கையெழுத்துப் போட்டது நாங்களா? வந்துட்டாரு, எங்களுக்குப் பாடம் எடுக்க."

"தெரியலப்பா," என்றார் சொட்டு. "பக்கத்துலயே படுத்திருந்தேன். தெரியாமப் போச்சு."

மூக்குக்கண்ணாடி நனைந்தது. அணு ஒவ்வொரு கையாகக் கீழே இறக்கியது. இருபத்துமூன்றையும் அவர் எண்ணினார்.

"அழாதய்யா. உப்புத்தண்ணி தட்டுல விழுந்தா நாங்க செத்துருவோம்" என்றது. பிறகு பக்கத்து அணுவைத் தட்டி, "நம்மாளுடா" என்றது. அது அடுத்ததிடம் சொன்னது. மத்தியானத்துக்குள் தட்டு முழுக்க ஒரே பேச்சு.

எட்டாம் நாள் ஊசி போட்டாயிற்று. ஆறு வாரம் கழித்து அவள் கூடத்து வாசலில் வந்து நின்றாள். கையை மூடினாள், விரித்தாள். விட்டாள் ஒரு அறை. சொட்டின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் டாக்டரம்மா மூக்கில் உட்கார்ந்தது. அதன் வழியாகத்தான் அவர் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். ஐந்து விரலும் அடிக்கோல் வைத்து இழுத்தது போலப் பதிந்திருந்தன. கோணமானியை வைத்து அளந்து, 'கோணல் இல்லை. வீக்கம் எதிராளி கன்னத்தில் மட்டும்' என்று எழுதிக்கொண்டார்.

"யாரு இவங்க?" என்று கேட்டார்.

"நம்மாளுங்க டாக்டர்" என்றார் சொட்டு.

மறு கன்னத்தையும் காட்டினார். அவள் அடிக்கவில்லை. மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலிருந்து கீழ்வரை, நிதானமாக, சரியான துளையில் போட்டுவிட்டாள்.

சொல்கிற நாக்கு வீங்கத் தொடங்கிவிட்டது, இனி உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான். பத்தொன்பதாம் எண்ணுக்கு உரிய சொட்டின் மனைவி, அணு வளர்ப்பின் ஐந்தாம் நாள் சாயங்காலம், நுரையீரல் காய்ச்சலில் இறந்துபோனாள்.